மூன்று ஓட்டம் ஓடினால்தான் ரேட்டிங்

ஓடுகிற பிள்ளைக்கு மூச்சு வாங்கும், ஓடி முடித்த பிள்ளைக்கு எண் போடுகிறவருக்கு ஏச்சு விழும். எங்கள் தொழிலின் சுருக்கம் இவ்வளவுதான்.

பரீட்சைத் தாள் திருத்தியவர்கள், நடனப் போட்டிக்கு நடுவராகப் போய்ப் பின்வாசல் வழியாக வீடு திரும்பியவர்கள், கோயில் பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசை நான்கு பேருக்குப் பங்கு பிரித்தவர்கள், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு எங்கள் பாடு விளங்காது.

நான் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். அது கிழமை நாட்களில். குளிர்காலச் சனிக்கிழமைகளில் கிழக்கு லண்டன் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் கிராஸ் கன்ட்ரி லீக்கில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டும்போது நேரப் பொத்தானை அமத்துவது என் வேலை. பிறகு வீட்டுக்கு வந்து, கால் விரல்கள் திரும்ப உயிர்பெற்றதும், எல்லாருக்கும் ரேட்டிங் போடுவதும் என் வேலைதான்.

ரேட்டிங் என்றால் பெரிய மந்திரமில்லை. ஒரு பூங்கா தட்டையாக இருக்கும், இன்னொன்றில் மேடும் சேறுமாக இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடி முடித்தவர்கள் ஒரே திறமை என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு இடத்திலும் ஓடிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தப் பாதை எவ்வளவு கடினம் என்று கணித்து, அதற்கேற்றபடி எல்லாருக்கும் ஓர் எண் கொடுப்போம். நூறு என்றால் படு திறம். ஐம்பது என்றால் படுக்கையை விட்டு எழும்பி வந்ததற்கே கைதட்டலாம். இதில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பருவத்தில் மூன்று ஓட்டமாவது ஓடினால்தான் ரேட்டிங். ஒரு நாள் ஓட்டத்தை வைத்து ஒருவரை எடைபோட முடியாது என்பது, இந்த லீக்கை நடத்துகிற டேவிட்டின் பிடிவாதம். டேவிட் இளைப்பாறிய உடற்பயிற்சி ஆசிரியர். மே மாதத்திலும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார்.

நான் இதற்குள் வந்தது என் மகள் மதுராவால். அவள் பதினொரு வயதிலிருந்து பள்ளிக்கூடம் முடியும் வரைக்கும் ஓடினாள். முதலில் நான் கார் ஓட்டிதான். பிறகு கொடி பிடித்தேன். நான் கணக்கு ஆசிரியை என்று டேவிட்டுக்குத் தெரியவந்த அன்றோடு என் சனிக்கிழமைகள் போயின. மதுரா இப்போது அபர்டீனில், காற்றாலைக் கம்பனி ஒன்றில் வேலை. ஓட்டத்தை எப்போதோ விட்டுவிட்டாள். அவள் விட்டுவிட்டாள், நான் இன்னும் கோட்டடியில் நிற்கிறேன். “சேத்தைப் பாக்கிறதுக்கு ஒரு சனிக்கிழமையே?” என்று இவர் கேட்பார். இவர் என்றால் என் கணவர். சனிக்கிழமை அவருக்கு ஷிப்ட், ஆகவே ஒரு ஓட்டத்துக்கும் வந்ததில்லை.

டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை பழைய மாணவர்களுக்கென்று ஓர் ஓட்டம் வைப்போம்; விரும்பினால் அவர்கள் மற்ற ஓட்டங்களிலும் சேர்ந்து ஓடி ரேட்டிங் எடுக்கலாம். ஒவ்வொரு நவம்பரும் மதுராவுக்கு அதன் திகதியை அனுப்புவேன். ஒவ்வொரு நவம்பரும் “பாப்பம் அம்மா” என்று பதில் வரும். எங்கள் பிள்ளைகள் சொல்கிற அந்தப் “பாப்பம்” பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தப் பிள்ளை சேறு தெறிக்க ஓடிவருவதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். எனக்கு இருப்பது அந்த ஓர் ஆசைதான்.

மறுதிருத்தம்

பக்கத்து ஊரான செவன் கிங்ஸிலிருந்து ஒரு தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு நேரே வந்துவிட்டார். கணக்காளர். கழுத்துப்பட்டி கட்டி, கையில் பைல் வைத்திருந்தார். அவருடைய மகளுக்கு ரேட்டிங் எண்பத்து நாலு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எண்பத்தாறு. இரண்டு பேரும் ஒரே டியூஷன், ஒரே வயலின் டீச்சர், ஒரே பல் டாக்டர். பிறகு எங்கிருந்து வந்தது இந்த இரண்டு என்பது அவருடைய கேள்வி.

“பேப்பரை ஒருக்காக் காட்டுங்கோ டீச்சர். எங்கை பிழை விட்டவ எண்டு பாப்பம்” என்றார். பேப்பர் ஒன்றும் இல்லை, ஓடிய நேரம் மட்டுந்தான் இருக்கிறது என்றேன். மறுதிருத்தத்துக்குக் கட்டணம் இருந்தால் கட்டத் தயார் என்றார். எங்கள் ரேட்டிங்கில் இரண்டு மூன்று புள்ளி கூடக்குறைய இருப்பது சகஜம், எண்பத்து நாலும் எண்பத்தாறும் எங்கள் கணக்கில் ஒன்றுதான், அன்றைக்குப் பாதையில் சேறு வேறு அதிகம் என்று ஆறுதலாக எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பேனையை மூடினார்.

“எல்லாம் சரி டீச்சர். அந்தச் சேத்துக்கு ஆர் மார்க்ஸ் போட்டது?”

ஒன்றாக வந்த இருவர்

எங்கள் பள்ளியில் கவிஷா, எமிலி என்று இரண்டு பிள்ளைகள். எந்தப் பூங்காவாக இருந்தாலும், மழையோ வெயிலோ, இரண்டு பேரும் கோட்டை ஒன்றாகத்தான் தாண்டுவார்கள். பொத்தானை இரண்டு தரம் அடுத்தடுத்து அமத்தி என் பெருவிரலே பழகிவிட்டது. ரேட்டிங்கும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், எழுபது. இப்படி அசையாமல் நிற்கிற எண்தான் நம்பகமான எண் என்று டேவிட் கூட்டங்களில் இவர்களைத்தான் உதாரணம் காட்டுவார்.

போன வருடம் எமிலியின் குடும்பம் டெவனுக்கு இடம் மாறியது. அடுத்த ஓட்டத்தில் கவிஷா தனியாக வந்தாள். எழுபத்தெட்டு. அதற்கடுத்ததில் எண்பத்தொன்று. புதுப் பயிற்சி முறை வேலை செய்கிறது என்று விளையாட்டு ஆசிரியர் தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்டார். மரக்கறி தின்னத் தொடங்கியதால்தான் என்று தாய் சொன்னார். நானும் ஒரு வரைபடம் கீறிப் பார்த்து ஒன்றும் பிடிபடாமல், கடைசியில் அந்தப் பிள்ளையிடமே கேட்டேன். சப்பாத்துச் சேற்றை ஒரு தடியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

“இப்ப கதைச்சுக்கொண்டு ஓட ஒருத்தரும் இல்லை மிஸ். வேற என்ன செய்யிறது, கெதியா ஓடி முடிக்கிறன்.”

சூரன் ஏற்றிய மேடு

எங்கள் லீக்கில் தோசைக்கல் மாதிரித் தட்டையான பூங்கா ஒன்று உண்டு. எறும்புக்குக் கூட அங்கே மூச்சு வாங்காது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் அங்கே நடந்த ஓட்டத்தின் முடிவுகளைக் கணினியில் போட்டபோது, அந்தப் பருவத்திலேயே ஆகக் கடினமான பாதை அதுதான் என்று வந்தது. எங்கள் லீக்கில் அறுபதிலேயே கிடந்த பிள்ளைகள் சிலர் திடீரென்று எண்பதில் நின்றார்கள். ஒரு பையனின் தாய் அன்றிரவே கேக் வெட்டிவிட்டார். டேவிட்டுக்குக் கால் நிலத்தில் இல்லை. அந்தப் பூங்காவில் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் ஒன்று இருக்கிறது என்று தான் எவ்வளவு காலமாகச் சொல்லிவருவதாக என்னிடம் சத்தியம் செய்தார். அடுத்த நாள் காலை அளவு சக்கரத்தை உருட்டிக்கொண்டு அதைத் தேடியும் போனார்.

எனக்கு விஷயம் வெளித்தது, ஓட்டம் நடந்த அன்று கோயிலில் கண்டதைப் பிறகு நினைத்தபோதுதான். அன்று கந்தசஷ்டியின் கடைசி நாள். பின்னேரம் சூரன்போர் பார்க்கப் போனேன். பார்த்தால், காலையில் ஓடிய பிள்ளைகளில் அரைவாசிப் பேர் அங்கே மதிலோடு சாய்ந்துகொண்டு நிற்கிறார்கள். முகத்தில் ஈயாடவில்லை. “காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று கேட்டேன். “பால்தான் மிஸ். விரதம்” என்றார்கள். கணினிக்கு விரதம் தெரியுமா? பழைய இடங்களில் ஓடிய ஆட்களை வைத்துத்தானே அது புது இடத்தை அளக்கிறது. அந்த ஆட்களில் முக்கால்வாசி எங்கள் பிள்ளைகள். எல்லாரும் வழக்கத்தை விட மெதுவாக வந்தபடியால், பாதைதான் பொல்லாதது என்று அது முடிவுகட்டி, வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த மற்றப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டது. இதில் வெட்கம் என்னவென்றால், கோட்டடியில் தலைச்சுற்றோடு நின்ற நானும் அன்றைக்கு விரதம்.

மதுரா இருந்திருந்தால் கணக்குப் பிழைத்திருக்காது. அவள் சஷ்டிக்கு விரதம் என்று எனக்குச் சொல்லிவிட்டு, ஓட்டத்துக்கு முன்னால் காரின் பின்சீற்றில் குனிந்து மட்டன் ரோல் சாப்பிடுகிற பிள்ளை. சீற்றுக்குக் கீழே தூள் கிடக்கும். நான் கண்டும் காணாத மாதிரிக் கூட்டி எடுப்பேன். இப்போது அந்தச் சீற்று எந்த நாளும் துப்புரவாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

டேவிட்டிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தேய்பிறை, வளர்பிறை, ஆறாம் நாள் வரைக்கும் வந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“நிலாவைப் பார்த்து இடம் மாறுகிற மேடு ஒன்று எங்கள் லீக்கில் இருக்கிறது, இத்தனை வருடமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே!”

பேருக்குப் பக்கத்தில் கோடு

மூன்று ஓட்டம் ஓடாத பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் முன்பெல்லாம் ஒரு சின்னக் கோடு போடுவோம். எண் இல்லை என்று அர்த்தம். ஒரு திங்கட்கிழமை ஒரு தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மகன் கால் சுளுக்கி இரண்டு ஓட்டத்தோடு நின்றுவிட்டான், அவன் பெயருக்குப் பக்கத்தில் கோடு கிடக்கிறது. “சனம் எல்லாம் பாக்கிற இடத்தில பிள்ளையின்ரை பேருக்குக் கோடு கீறி வைச்சிருக்கிறியளே டீச்சர். எங்கடை வீட்டில உப்பிடி ஒரு பேருக்குக் கோடு கீறினால் அதுக்கு என்ன அர்த்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதே?” என்றார். அவர்கள் வீட்டில் யாருடைய பெயர் எப்போது அப்படிக் கீறப்பட்டது என்று நான் கேட்கவில்லை. ஊரில் இருந்து போருக்குத் தப்பி வந்த எங்களில் பாதிப்பேரிடம் அதைக் கேட்கக் கூடாது.

டேவிட்டோடு கதைத்து, அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, “எதிர்பார்க்கப்படுகிறது” என்று பொருள்படுகிற ஆங்கிலச் சொல் ஒன்றைப் போட்டோம். இன்றைக்கு வரைக்கும் அதுதான். ரேட்டிங் இல்லாத பிள்ளைகள் எல்லாரும் எதிர்பார்க்கப்படுகிறவர்கள். அடுத்த திங்கட்கிழமை அந்தத் தாய் திரும்பவும் தொலைபேசி எடுத்தார்.

“இப்ப வடிவாயிருக்கு டீச்சர். எண் இல்லாட்டியும் பரவாயில்லை, ஆரோ பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு தெரியுது.”

வெம்பிளி வரைக்கும்

பிரான்ஸிலிருந்து வந்து வெம்பிளியில் குடியேறிய ஒரு தகப்பன். பெயர் ஜெகன், வீட்டுச் சுவருக்குப் பூசுகிற தொழில். மகன் எங்கள் லீக்கில் உள்ள ஒரு பள்ளியில் ஏதோ காரணத்தால் சேர்ந்துவிட்டபடியால், சனிக்கிழமை தோறும் லண்டனைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வருவார். வருவது என்றால் எல்லா ஓட்டத்துக்கும் இல்லை. வெள்ளிக்கிழமையே எனக்கு அழைப்பு வரும். “டீச்சர், பார்க் காய்ஞ்சிருக்கோ?” காய்ந்திருந்தால் வருவார். ஈரம் என்றால் பையனுக்குத் தடிமன், மூக்கு ஒழுகும். சேற்றில் பையன் தடுமாறுவது கணக்குக்கு எட்டாதபடி இப்படித் தேர்ந்தெடுத்து ஓடி, அவனுடைய ரேட்டிங் தொண்ணூற்றிரண்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. சட்டப்படி பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் கணக்கும் கொடுக்கிறதை வைத்துத்தானே சொல்லும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் காய்ந்திருக்கிறது என்று உண்மையாகத்தான் சொன்னேன். இரவு கொட்டியது மழை. காலையில் வந்து பார்த்தால் பூங்கா வயல் மாதிரிக் கிடக்கிறது. திரும்பிப் போக எரிபொருளை நினைத்துப் பையனை இறக்கிவிட்டார். பையன் இரண்டு தரம் விழுந்தான். ஒரு சப்பாத்து சேற்றோடு போய், அதைத் தோண்டி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, நடுவில் எங்கேயோ வந்து சேர்ந்தான். ரேட்டிங் எழுபத்தொன்பதுக்கு இறங்கியது. திங்கட்கிழமை அழைப்பு வந்தபோது, ஏச்சு வாங்க ஆயத்தமாகக் கதிரையில் இருந்துகொண்டுதான் எடுத்தேன்.

ஜெகன் சொன்னார், இரண்டு வருடமாகக் காருக்குள் காதில் வயரைச் சொருகிக்கொண்டு இருக்கிற பிள்ளை, அன்றைக்கு வழி முழுக்க அந்தச் சப்பாத்துக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தானாம்.

“வெம்பிளி வரைக்கும் வாய் மூடேல்லை டீச்சர். அந்தச் சேத்துப் பார்க்கில அடுத்த ஓட்டம் எப்ப?”

நம்பக்கூடிய ஒரே ஆள்

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை எங்களிடம் கேட்டார், உங்கள் ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்று. நியாயமான கேள்வி. டேவிட் என் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையடியில் உட்கார்ந்து பழைய வருட முடிவுகள் எல்லாவற்றையும் எடுத்து, ஒரு பிள்ளையின் முதல் சில ஓட்டங்களை வைத்து அடுத்த ஓட்டத்தை எங்கள் முறை சரியாகச் சொல்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தோம். சுமாராகத்தான் சொன்னது. பலரை ஓரளவு பிடித்தது. சிலரிடம் ஏமாந்தே போனது. காய்ச்சல், காதல், புதுச் சப்பாத்து, தாய் தகப்பன் சண்டை, எமிலி டெவனுக்குப் போனது, சூரன்போர். ஒன்றையும் அது அறியாது.

பிறகு மதுராவின் பெயர் வந்தது. ஓட்டத்துக்கு ஓட்டம் எண் அசையவேயில்லை. சேறு, பனி, மேடு, எதுவானாலும் எங்கள் முறை சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் வந்திருக்கிறாள். எனக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. தூரத்தில் மரங்களுக்குள்ளிருந்து பிள்ளைகள் வெளிப்படும்போது நான் முகம் பார்ப்பதில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பேன். இந்தா வரவேணும் என்று நினைக்க வருவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எடுப்பதாகச் சொன்ன அழைப்பு செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்குள்ளிருந்து வருகிறது. “சாப்பிட்டனான் அம்மா, வைக்கட்டே?” அவ்வளவுதான். கோபம் இல்லை, சண்டை இல்லை, அவளுக்கு அவளுடைய வாழ்க்கை. இருந்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. டேவிட்டுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். இவர் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். டேவிட் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கள் முறை நம்பகமானதா என்று தெரியாது. உங்கள் மகள் நம்பகமானவள். எப்போது வந்தாலும் அவளை ஓடச் சொல்லுங்கள்.”

அமத்தாத பொத்தான்

இந்த நவம்பரும் திகதியை அனுப்பினேன். இம்முறை “பாப்பம்” கூட வரவில்லை. வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி மட்டும் விழுந்தது. “பாப்பம்” என்ற சொல்லை இவ்வளவு தேடுவேன் என்று நான் நினைத்ததில்லை. இவரிடம் சொன்னேன். “வேலை கூடவாக்கும்” என்று சொல்லிவிட்டு கராஜுக்குப் போய் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

பழைய மாணவர் ஓட்டம் நடந்த சனிக்கிழமை மழை விட்டிருந்தது, சேறு விடவில்லை. நாற்பது வயது வந்த ஆட்களெல்லாம் பள்ளிக்கூட பெனியனுக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு நின்றார்கள். வழக்கம்போல நான் கோட்டடியில். ஓட்டம் தொடங்கிய பிறகு, பிந்தி வந்த சிலரையும் டேவிட் பின்னால் ஓடவிட்டதைத் தூரத்தில் கண்டேன், ஆள் யார் என்று தெரியவில்லை. முன்னணி ஆட்கள் வந்தார்கள், அமத்தினேன். நடு ஆட்கள் வந்தார்கள், அமத்தினேன். பிறகு பக்கத்தில் யாரோ கையில் ஒரு பையோடு வந்து நின்ற மாதிரி இருந்தது. திரும்பினால் இவர். ஷிப்டில் இருக்க வேண்டிய மனிதர், பளபளக்கும் சப்பாத்தோடு சேற்றுக்குள் நிற்கிறார். “என்னப்பா இஞ்சை?” என்றேன். “அந்தப் பக்கம் பார்” என்றார்.

மரங்களுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வெளிப்பட்டது. ஓட்டமா நடையா என்று சொல்ல முடியாத ஒன்று. ஒரு பக்கம் விலாவைப் பிடித்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. பழைய ஸ்பைக் சப்பாத்து, இவர் கராஜுக்குள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. மணிக்கூட்டின் கணக்குப்படி அவள் வரவேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது. நான் மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை. முகத்தைத்தான் பார்த்தேன். கடைசி ஏற்றத்தில் சறுக்கி, கையூன்றி எழும்பி, என்னைக் கண்டு பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டு என் மகள் கோட்டைத் தாண்டினாள். அவள் மட்டுமில்லை, அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேரும் தாண்டினார்கள். பொத்தான் என் கையில் இருந்தது. நான் ஒருவருக்கும் அமத்தவில்லை. சேற்றோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன், கணக்கு டீச்சர் என்ற வெட்கம் கொஞ்சமும் இல்லாமல்.

இரவு ரயிலில் வந்தவளாம். தகப்பனும் மகளும் ஒரு மாதமாக எனக்குத் தெரியாமல் கதைத்து வைத்திருக்கிறார்கள். “சொன்னால் நீ நித்திரை கொள்ளமாட்டாய்” என்றார் இவர். மூச்சு வந்ததும் மதுரா கேட்டாள், “என்ரை ரேட்டிங் என்ன அம்மா? முப்பதாவது தேறுமோ?” உனக்கு நேரமே இல்லை, நான் அமத்த மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு நா எழும்பவில்லை. டேவிட்தான் சொன்னார். நேரம் இல்லாத ஓட்டம் ஓட்டமாகாது, சட்டம் சட்டந்தான், நேரமெடுத்தவரின் பிள்ளை என்றாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று, கம்பளித் தொப்பியை நேராக்கிக்கொண்டு மிகுந்த கவலையோடு அறிவித்தார். பின்னால் வந்த மற்ற மூன்று பேரிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் தங்கள் நேரம் தெரியாமல் போனதே நல்லது என்றார்கள்.

அன்று பின்னேரம் வீட்டில் முடிவுகளைத் தட்டச்சு செய்தேன். காரின் பின்சீற்று முழுக்கச் சேறும் ரோல் தூளும். ஒருவரும் கூட்டவில்லை. மதுரா தலையைத் துவட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் “எதிர்பார்க்கப்படுகிறது” என்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கணினியை இழுத்து, புதுவருடத்து ஓட்டத் திகதிகளை ஒவ்வொன்றாகத் தன் கைத்தொலைபேசியில் போட்டாள்.

“அப்ப இன்னும் மூண்டு ஓட்டம் கிடக்கு. மூண்டுக்கும் வாறன் அம்மா, ஆனா நீங்கள் பொத்தானை வேற ஆரிட்டையாவது குடுத்திட்டு நிக்கவேணும்.”

எங்கள் ரேட்டிங் முறையை எவ்வளவு நம்பலாம் என்று அந்தத் தலைமை ஆசிரியை இனிக் கேட்டால், பிள்ளையின் வேகத்தைச் சொல்லுமோ தெரியாது, ஆனால் அபர்டீனிலிருந்து மூன்று தரம் வீட்டுக்குக் கூட்டிவரும், அந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்வேன்.